ஏற்காடு வழியில் மெனு கார்டு இல்லாத சின்ன மெஸ்ஸை நம்பிப் போகலாமா?

கேள்வி இதுதான்: சேலத்திலிருந்து ஏற்காடு போகிறோம், வழியில் வீட்டுச் சாப்பாடு போடும் சின்னக் கடைகளில் மெனு கார்டே கிடையாதாமே, குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். கார்டு இல்லாத கடையாகத் தேடியே போங்கள் என்பேன்.

அஸ்தம்பட்டி தாண்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போகும் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். புருஷன் பெண்டாட்டி இருவர், கூடமாட ஒரு பாட்டி, நாலு மேசை. அண்ணன் விடிவதற்குள் உழவர் சந்தைக்குப் போய்விடுவார். 1999-ல் இந்தச் சந்தைகள் வந்ததிலிருந்து விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்து விற்கிறார். எந்த ஊர்க் காய், எப்போது பறித்தது என்று கேட்டு வாங்கலாம். அங்கே எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அன்றைய சமையல். வரத்து கூடினால் விலை இறங்கும், காயும் இளசாக இருக்கும். சின்னக் கடைக்குக் கட்டுப்படியாவதும் அதனால்தான்.

மார்கழி, தையில் போனால் பிதுக்கம்பருப்புக் குழம்பு கேளுங்கள். பச்சை மொச்சை வரும் காலம் அது. காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவே பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். இதற்கு மெஷினெல்லாம் கிடையாது, பாட்டியின் விரல்தான். சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, தேங்காய் அரைத்து ஊற்றி, பருப்பு குழையாமல் பார்த்து இறக்குவார்கள். பருப்பு முழுசாகத் தெரியும், வாயில் போட்டால் மாவாகக் கரையும். ராகிக் களியைக் கிள்ளி அதில் தோய்த்துச் சாப்பிட்ட பிறகு, வருடம் முழுக்கக் காய்ந்த மொச்சையில் செய்யும் குழம்பு எனக்கு இறங்குவதில்லை. இவ்வளவு வேலை இருப்பதால் கொஞ்சமாகத்தான் செய்வார்கள். ஒரு மணிக்கு மேல் போனால் கிடைக்காது.

கோடையில் மாங்காய் போட்ட பருப்பு. மலையிலிருந்து பலா இறங்கினால் பலாக்கொட்டை புளிக்குழம்பு. மல்கோவா பழுத்த நாட்களில் இலையில் ஒரு துண்டு வைப்பார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. மழை பிடித்துவிட்டால் கொள்ளு ரசம். புரட்டாசியில் கறி, மீன் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இந்தக் கடை மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மார்கழியில், "சாம்பார்ல முருங்கைக்காய் போடலயாக்கா?" என்று கேட்டேன். "இப்ப வர்ற காயில ருசியே இல்லீங்க. மாசி கழியட்டும், போட்டுத் தர்றேன்" என்றார் அக்கா. அந்த மாதம் முருங்கை விலையும் எக்கச்சக்கம்தான், ஆனால் அவர் முதலில் சொன்னது ருசியைப் பற்றி. இல்லை என்று தயங்காமல் சொல்கிற சமையற்காரரிடம் எதைக் கொடுத்தாலும் யோசிக்காமல் சாப்பிடலாம்.

குழந்தைகளுக்கு எதுவும் பிடிக்காவிட்டால் தயிர்சாதம் எப்போதும் உண்டு. பனீர், ஃப்ரைட் ரைஸ் கேட்காதீர்கள், இருக்காது. மே மாதம் கோடை விழா சமயத்தில் அந்தச் சாலையே நெரிசலாகிவிடும். அப்போது போவதென்றால் வார நாளாகப் பாருங்கள்.

அப்புறம், மலையேற 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. கார் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட இருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், இறங்கும்போது சாப்பிடுங்கள். இந்த மாதிரிக் கடைகளில் முந்தின நாளே போன் போட்டு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் குழம்பை எடுத்து வைத்திருப்பார்கள்.