மட்டை பிடித்த கைக்கு கோல்ஃப் வருமா?

கேள்வி: பள்ளி, கல்லூரி என்று 12 வருடம் பேஸ்பால் ஆடியவன் நான். வலக்கைக்காரன். ஆறு மாதமாக கோல்ஃப் பழகுகிறேன். டிரைவர் (தொலைதூரம் அடிக்கும் நீளமான கோல்ஃப் மட்டை) எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. அயர்னில் (இரும்புத்தலை மட்டையில்) தரையைக் குத்துகிறேன், இல்லாவிட்டால் பந்தின் உச்சியில் தட்டுகிறேன். பழைய ஸ்விங்கை அடியோடு மறக்க வேண்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: மறக்கவே வேண்டாம். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியில் புகழ்பெற்ற பேப் ரூத்தோடு ஆடிய சாம் பேர்ட், பின்னாளில் பிஜிஏ டூர் என்ற தொழில்முறை கோல்ஃப் தொடரில் 6 போட்டிகளை வென்றார். 1945 பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் வரை போய் பைரன் நெல்சனிடம் தோற்றார். உங்கள் இடுப்புச் சுழற்சியும் கைவேகமும் புதிதாகக் கற்பவர்களுக்கு எளிதில் வராதவை.

சிக்கல் எங்கே என்றால், பேஸ்பால் மட்டை உருண்டை. கோல்ஃப் கிளப்புக்கு (மட்டைக்கு) இருப்பதுபோல் பந்தை அடிக்கும் தட்டையான முகம் அதற்குக் கிடையாது. பந்தைத் தொடும் நொடியில் உங்கள் வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும், இடது உள்ளங்கை தரையைப் பார்க்கும். மணிக்கட்டு புரள்வது அதன் பிறகுதான். கோல்ஃபிலும் அப்படியே வீசினால் கிளப்பின் முகம் திறந்தபடியே பந்துக்கு வந்து சேரும். கிளப் போகும் பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம்தான் வளையும்.

முதலில் இடக்கைப் பிடியைச் சரிசெய்யுங்கள். குனிந்து பார்த்தால் அதில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். பிறகு 7-ஆம் எண் அயர்னை எடுத்து, பந்து இல்லாமல், பேஸ்பால் போலவே இடுப்பு உயரத்தில் 10 முறை வீசுங்கள். பந்தை அடிக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கிளப் தலையின் அடிவிளிம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். அது பின்னால் சாய்ந்து முகம் வானத்தைப் பார்த்தால், உங்கள் ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளையும் அடி, அங்கேதான் பிறக்கிறது. அடுத்து முழங்கால் உயரத்தில் 10, தரையில் 10. கையைத் தாழ்த்தி இறங்காதீர்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். சுழற்சி அதேதான், சாய்வு மட்டும் மாறுகிறது.

இதைப் பழகும்போது பந்து திடீரென்று இடப்பக்கம் ஓடலாம். உடனே பிடியை மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் இடுப்பு நின்றுபோய் கைகள் மட்டும் புரண்டிருக்கும்.

தரையில் குத்துவதற்கும் உச்சியில் தட்டுவதற்கும் காரணம் ஒன்றே: எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது. அயர்ன் ஸ்விங்கின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். இதற்கு உங்கள் பேஸ்பால் அடியெடுப்பே மருந்து. பாதங்களைச் சேர்த்து நின்று கிளப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். அது உச்சியை எட்டும் முன்பே இடது காலை இலக்கு நோக்கி வைத்து, பாதி வேகத்தில் வீசுங்கள். பந்து இருக்கும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு 20 முறை செய்யுங்கள். புல் பெயர்வது கோட்டுக்கு இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் பெயர்ந்தால் கால் தாமதமாக இறங்குகிறது என்று பொருள்.

அவசரமும் ஒரு குறை. பேஸ்பாலில் மணிக்கு 95 மைல் வேகத்தில் எறிந்த பந்து சுமார் 0.4 நொடியில் உங்களிடம் வந்துவிடும். கை அதற்குப் பழகியிருக்கிறது. கோல்ஃப் பந்து எங்கும் போகாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணியபடி கிளப்பை மேலே கொண்டுபோய், நான்கில் இறக்குங்கள்.

கேள்வி: பத்து விரலும் படும்படி பேஸ்பால் பிடியே பிடிக்கலாமா?
– வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: தாராளமாக. 1959 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்ற ஆர்ட் வால் பிடித்தது பத்து விரல் பிடிதான். ஆனால் மட்டையில் மடக்குவதுபோல இடது கட்டைவிரலைச் சுற்றி மடக்காதீர்கள். கைப்பிடியின் மேல் நீட்டி, வலது உள்ளங்கையால் மூடுங்கள். இரு கைகளுக்கும் நடுவே இடைவெளி விட்டால் வலக்கை தனியாகத் தள்ளத் தொடங்கிவிடும்.