ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: கேள்வி பதில்

கேள்வி: டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்க்கும்போது இன்ஜின் ஓட வேண்டுமா?

பதில்: பெரும்பாலான வண்டிகளில் ஓட வேண்டும். ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய், பார்க்கிங்கில் விட்டுப் பாருங்கள். ஹோண்டாவின் பல மாடல்களில் மட்டும் அணைத்தவுடன் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு டிப்ஸ்டிக்கே இல்லையே?

பதில்: அடியில் லெவல் பிளக் இருக்கும். ஆயில் சொல்லப்பட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓட அதைத் திறந்தால், அதிகப்படி வழிந்து மெல்லிய சொட்டாகக் குறையும். அதுதான் அளவு. சூட்டை ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பாருங்கள். முக்கியம்: வடிப்பதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது இறுகிக் கிடந்தால் வண்டியை நகர்த்தவே முடியாது.

கேள்வி: மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர். வடிந்தது 4 தான். மீதி எங்கே?

பதில்: இன்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களிலும் நிற்கிறது. வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, லெவல் பாருங்கள். 8-ஐ ஊற்றினால் நுரைத்துவிடும். சில நாள் ஓட்டி மறுபடி மாற்றினால் முக்கால் பங்கு புதிதாகிவிடும்.

கேள்வி: எந்த ஆயில்?

பதில்: மேனுவலில் எழுதியிருப்பது.

கேள்வி: ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதில் ஆயில் மாற்றினால் கியர் ஸ்லிப் ஆகும் (இன்ஜின் வேகம் ஏறும், வண்டி இழுக்காது) என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஏற்கெனவே ஸ்லிப் ஆகும் வண்டியைத்தான் பலர் ஆயில் மாற்றக் கொண்டுவருகிறார்கள். கிளட்ச் தகடு அதற்கு முன்பே தேய்ந்திருக்கும், பழி புது ஆயில் மேல் விழும்.

கேள்வி (அவரே): பழைய ஆயிலில் மிதக்கும் துகள்தான் பிடிப்புத் தருகிறதாம்.

பதில்: அந்தத் துகளை நம்பி ஓடும் கியர்பாக்ஸ் ஏற்கெனவே முடிந்துபோனது. அதே துகள் வால்வுகளையும் அடைக்கும். ஆனால் உங்கள் மெக்கானிக்கின் பயத்தில் ஒரு நியாயம் உண்டு: மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்தால் படிந்த அழுக்கு கிளம்பிச் சிக்கும் ஆபத்து இருக்கிறது. கியர் ஒழுங்காக விழுகிறதா? வடித்து ஊற்றுங்கள், ஃப்ளஷ் வேண்டாம். ஸ்லிப் ஆகிறதா? ஆயிலுக்குச் செலவழிக்கும் முன் கியர்பாக்ஸைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிவப்பு ஆயில் எதுவானாலும் சரிதானே?

பதில்: இல்லை. சிவப்பு என்பது சாயம். மேலே சொன்னேன், மேனுவல்.

கேள்வி: சிவிடி-க்கு (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்)?

பதில்: அதற்கென்றே தனி ஆயில். மேனுவல்!

கேள்வி: ஆயில் பால் கலந்தது போல வெளிர் சிவப்பாக இருக்கிறது.

பதில்: தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் ஓட்டையாகியிருக்கும். ஓட்டாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.