அன்றாட வாழ்வின் சிறு விடயங்களில் நீங்கள் மகிழ்ச்சியையும் உந்துதலையும் எவ்வாறு காண்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், நாளாந்த வேலைகளுக்கிடையே எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பதாகவும், "சின்ன விடயங்களில் மகிழ்ச்சி காணுங்கள்" என்று எல்லோரும் கூறுகிறார்களே தவிர அதை எப்படிச் செய்வது என்று எவரும் விளக்குவதில்லை என்றும் எழுதியிருந்தார். நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியை. கொழுந்து பறித்த தாய்க்கும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த தந்தைக்கும் மகளாக, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அனுபவத்தில், கண்முன் இருக்கும் ஒரு பொருள் எப்படி உருவாகிறது, எங்கிருந்து வருகிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று அறியத் தொடங்கிய பிறகுதான் அது எனக்கு நிலையான மகிழ்ச்சியைத் தந்திருக்கிறது. எதையும் அறியாமல் அழகு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சிகள் சீக்கிரமே பழகிவிட்டன. ஆகவே என் பதில், ரசிப்பதைப் பற்றியதாக இருப்பதைவிட அறிந்துகொள்வதைப் பற்றியதாகவே இருக்கும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மலைகளைப் பார்க்க வருகிறவர்கள் கூடை சுமந்த பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு, எவ்வளவு எளிமையான, அமைதியான வாழ்க்கை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தப் படத்தில் அட்டைக்கடியும், மழையில் நனைந்து கனத்துப்போன, இடுப்பில் கட்டும் படங்குத் துணியும், தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டாலும் 18 கிலோ, 20 கிலோ என்று நாளொன்றுக்குக் கேட்கப்படும் நிறையும் தெரிவதில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் போராடிய பின்னரே 2021ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்தது. சிறு விடயங்களில் மகிழ்ச்சி காணலாம் என்ற பேச்சை, இருப்பதைக் கொண்டு திருப்தியடையுங்கள் என்று உழைக்கிறவர்களுக்குச் சொல்லும் புத்திமதியாக எவரும் பயன்படுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கூலி என்பது வேறு, இது வேறு. என் அம்மா சம்பள உயர்வுக்காகத் தெருவில் உட்கார்ந்தவர். அதே அம்மாதான் ஒரு கொழுந்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்.

விடுமுறை நாட்களில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது அவர் நிரையில் நின்று சற்று நேரம் பறிக்கப் பழகுவேன். "நகத்தால கிள்ளாத புள்ள, விரலால ஒடி" என்பார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நிற்கும் தளிரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து மெல்லச் சாய்த்தால், இளங்கொழுந்தாக இருந்தால் காதுக்கு மட்டும் கேட்கிற ஒரு சிறு ஓசையோடு ஒடியும். முற்றியதாக இருந்தால் வளையும், நார் இழுக்கும், ஒடியாது. மொட்டின்மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய மயிர்கள் படிந்திருக்கும். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்தான் அவை தெரியும். இலை விரிய விரிய அவை உதிர்ந்துவிடும். ஒரு மலையில் பறித்து முடித்த பிறகு அதே செடிக்குத் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், வறட்சியில் இன்னும் கூடும், அதற்குள் எந்தக் கணு துளிர்க்கும் என்று அம்மா செடியைப் பார்த்தே சொல்வார். செடியின் மேற்பரப்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டக்கம்பை வைத்து, அதற்குமேல் தலைநீட்டும் தளிரை மட்டும் எடுப்பார். பள்ளிக்கூடத்தில் கிடைமட்டத் தளம் என்ற பாடம் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கம்புதான். தேயிலைச் செடிகள் சுற்றிலும் லட்சக்கணக்கில் நிற்கும் ஊரில் ஒரே ஒரு தளிரைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் இன்றும் எனக்கு அலுப்பு வரவில்லை என்றால், அது அம்மா எனக்குச் செய்த உபகாரம்.

அப்பா வேலை செய்தது தொழிற்சாலையின் மாடித்தட்டில், கொழுந்து வாட்டும் இடத்தில். பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். அதைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்தி 12 முதல் 18 மணி நேரம் வரை வாட்ட வேண்டும். எப்போது போதும் என்பதை அப்பா கையால் அறிவார்: ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுகப் பிடித்துவிட்டு விரல்களை விரிப்பார்; உருண்டை உடனே சிதறினால் இன்னும் வாடவில்லை; சற்று நேரம் அப்படியே இருந்து பிறகு மெதுவாக அவிழ்ந்தால் உருட்டும் இயந்திரத்துக்கு அனுப்பலாம். இரவில் எங்கள் லயம் வரை வரும் வாசனையும் மணிக்கு மணி மாறும். முன்னிரவில் வெட்டிய புல்லின் வாடை. விடியற்காலையில் பழமும் பூவும் கலந்த ஒரு மணம். சிறுவயதில் அந்த மணத்தைக் கொண்டே அப்பா வீட்டுக்கு வரும் நேரத்தைக் கணக்கிட்டிருக்கிறேன்.

பிற்பாடு இதையெல்லாம் பாடமாகப் படித்தபோதுதான் அந்த மணத்துக்குப் பின்னால் காற்றும் மலையும் இருப்பது புரிந்தது. மே மாதம் தொடங்கி வீசும் தென்மேல் பருவக்காற்று எங்கள் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. அந்த வறட்சியில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிறது. அதில் மெதயில் சலிசிலேற்று என்ற பொருள் கூடுதலாக இருப்பது ஒரு காரணம். தசைவலிக்குத் தடவும் தைலத்தில் வரும் மணமும் அதே பொருளுடையதுதான். எங்கள் டிம்புள்ளப் பக்கத்துக்கு அந்த நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும்போது வருகிறது. எங்களை நனைக்கும் காற்றே அடுத்த சரிவில் வாசனை தருகிறது என்று அறிந்த பிறகு, ஜூன் மாதத்தில் நாட்கணக்கில் காயாத துணிகளைப் பார்க்கும்போது எனக்கு முன்பிருந்த சலிப்பு இல்லை. காலையில் குடிக்கும் பால் சேர்க்காத தேநீரில் இப்போது ஒரு பருவம் முழுவதையும் என்னால் சுவைக்க முடிகிறது.

உந்துதலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு எங்கள் மலையகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே தெமோதரை என்ற புகையிரத நிலையம் உள்ளது. பதுளை நோக்கிப் போகும் ரயில் அந்த நிலையத்தில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து கீழிறங்கி, பிறகு அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகவே வெளியேறுகிறது. பாதையின் சாய்வு 44 அடிக்கு 1 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருந்ததால், நேராக இறக்க முடியாத உயரத்தை இப்படிச் சுற்றி இறக்கினார்கள். இலங்கை நீர்மின் உற்பத்தியின் தந்தை எனப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவுக்கு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. ஆவணத்தில் உள்ளதல்ல, வாய்வழியாக வருவது. ஆனாலும் நான் அதை வகுப்பில் தவறாமல் சொல்வேன், ஏனென்றால் அந்தத் தலைப்பாகையை அன்று எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். சாய்வுக் கணக்கை மாதக்கணக்கில் மனதில் சுமந்துகொண்டிருந்த ஒருவருக்கு மட்டுமே அது விடையாகத் தெரிந்திருக்கும். சிறு விடயங்கள் தாமாக வந்து நம்மைத் தூண்டுவதில்லை. நாம் ஏதோ ஒன்றை விடாப்பிடியாக யோசித்துக்கொண்டிருக்கும் காலத்தில்தான் அவை உதவிக்கு வருகின்றன என்பது என் எண்ணம். மனம் எதிலும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

ஐப்பசி வாக்கில் எங்கள் ஓடைக் கற்களில் வந்து உட்காரும் வாலாட்டிக் குருவியையும் இங்கே சேர்க்க வேண்டும். முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், வால் ஒரு கணமும் நிற்காது. இமயமலைப் பகுதியிலும் அதற்கு அப்பாலுள்ள வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. பாடசாலைக்குப் போகும் வழியிலுள்ள பாலத்தில் அதை ஆண்டின் முதல் முறையாகப் பார்த்த மாணவரின் பெயரைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைப்போம். அந்த இடத்தைப் பிடிக்கப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே பாலத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது ஒரு ஜாம் போத்தல். மழையை அளப்பது எப்படி என்று தரம் 7 மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாடசாலையில் மழைமானி இல்லை. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள போத்தல் ஒன்றை எடுத்து, வெளிப்புறத்தில் அளவுகோலின் துண்டொன்றை ஒட்டி, மரநிழல் விழாத திறந்த இடத்தில் நட்டோம். பக்கங்கள் நேராக இருந்தால் போத்தல் பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை, நீரின் உயரம் ஒன்றாகவே இருக்கும் என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. ஒல்லியான போத்தல் ஒன்றையும் அகலமான போத்தல் ஒன்றையும் அருகருகே வைத்து, மறுநாள் காலையில் இரண்டிலும் அதே கோட்டில் நீர் நிற்பதைக் கண்ட பிறகே நம்பினார்கள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒருவர் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

பிறகு கணக்குக்கு வந்தோம். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லீற்றர். எங்கள் வகுப்புக் கட்டடத்தின் கூரை தரையில் மறைக்கும் பரப்பை நாடா பிடித்து அளந்தபோது ஏறக்குறைய 60 சதுர மீற்றர் வந்தது. 20 மில்லிமீற்றர் மழை பெய்கிற ஒரு நாளில் அந்தக் கூரையிலிருந்து 1,200 லீற்றர் நீர் வழிந்து ஓடுகிறது. பலகையில் அந்த எண்ணை எழுதியதும் வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அப்ப நாங்க பீலிக்குப் போய் வாளியில தூக்கிக்கிட்டு வாற தண்ணி, நம்ம தலைக்கு மேலயே வந்து விழுகுதா?" என்று கேட்டாள். மலையிலிருந்து நீர் வந்து விழும், நாங்கள் நீர் பிடிக்கும் இடத்தைத்தான் பீலி என்போம். ஆசிரியத் தொழிலில் நான் கேட்ட கேள்விகளில் அதைவிடச் சிறந்த ஒன்றை என்னால் நினைவுகூர முடியவில்லை. அந்த மாதமே பெற்றோர்கள் சிலர் கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் தகரத் தாரை அடித்து, அதன் முனையில் 200 லீற்றர் கொள்ளும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக மழை பெய்தாலே அது நிரம்பி வழிந்துவிடும் என்று பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இப்போது இரண்டாவது பீப்பாய்க்கு மனு எழுதுகிறார்கள். வறண்ட மாதங்களில் பாடசாலைத் தோட்டத்து லீக்ஸுக்கும் கரட்டுக்கும் அந்த நீரைத்தான் ஊற்றுகிறோம்.

மனம் ஒட்டாத ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய வழி இவ்வளவுதான்: தினமும் கையில் படுகிற ஒன்றைத் தேர்ந்து, அதை அளக்கவோ, அதன் வரலாற்றைத் தேடவோ, அதை அறிந்த ஒருவரிடம் கேட்கவோ தொடங்குங்கள். நன்றியுணர்வுக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். அது சிலருக்குப் பயன்படலாம், எனக்குக் கேள்விக் குறிப்பேடுதான் உதவியிருக்கிறது. கேட்பதற்கு ஆள் தேடும்போது படித்தவர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். என் அம்மாவிடமும் அப்பாவிடமும் இருந்த அறிவு எந்தப் பாடநூலிலும் அந்த நுணுக்கத்தோடு இல்லை. அதைக் கேட்டவர்களும் மிகச் சிலரே.

எங்கள் வகுப்பின் கொப்பியில் இப்போது இருக்கும் கேள்வி மூடுபனியைப் பற்றியது. மழையே பெய்யாத, போத்தலில் ஒரு கோடுகூட ஏறாத காலைகளில், விளையாட்டுத் திடலின் ஓரத்திலுள்ள பெரிய மரத்தடி மட்டும் நனைந்திருப்பதை ஒரு மாணவன் கவனித்திருக்கிறான். பனி இலைகளில் பட்டுத் துளியாகித் திரண்டு சொட்டுகிறது என்று விளக்கினேன். எவ்வளவு சொட்டுகிறது என்று கேட்டான். மரத்தின் அடியில் ஒரு போத்தலையும் திறந்த வெளியில் இன்னொன்றையும் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தவணை முடியும்வரை எழுதி வைப்பதாக ஏற்பாடு.