மேசா நகரத்தின் ரஸ்ஸல் பியர்ஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எல்லைச் சட்டங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அரிசோனா மாநிலத்தின் செனட்டராக இருந்த ரஸ்ஸல் பியர்ஸைப் பற்றி, 'தான் சொன்னதை முழுமனதாக நம்பியவர்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் தங்கை குடும்பம் மேசாவுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் வசிக்கிறது. 2010-இல் அவருடைய சட்டம் வந்தபோது, பால் வாங்கப் போவதற்குக்கூட அவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதான் வெளியே கிளம்பினார்கள். தன் மகனைச் சட்டவிரோதமாகக் குடியேறிய ஒருவன் சுட்டதால்தான் பியர்ஸ் அப்படி மாறினார் என்றும், லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் திரண்டு வந்து அவரைத் தோற்கடித்தார்கள் என்றும் தங்கையின் கணவர் சொல்கிறார். அது உண்மையா? ஓர் இனவெறியருக்கு 'நம்பிக்கை உள்ளவர்' என்ற நற்சான்று எதற்கு?

இப்படிக்கு,
உங்கள் வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை நான் நற்சான்றாக எழுதவில்லை. ஆனால் அப்படி வாசிக்க இடம்கொடுத்துவிட்டேன் என்பதை உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு உணர்கிறேன். ஒருவர் நம்பிச் செய்தார் என்பதால் செய்தது நியாயமாகிவிடாது. பியர்ஸைப் பொறுத்தவரை, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அவருடைய சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே நான் சொல்ல வந்தது.

அவர் 1947-இல் மேசாவில் பிறந்தவர். அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் திருச்சபையினர் 1878-இல் பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டிக் குடியேறி உருவாக்கிய ஊர் அது. பியர்ஸும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. மேசா அடங்கிய மாரிகோப்பா மாவட்டத்தின் ஷெரீஃப் துறையில், அதாவது மாவட்டக் காவல் துறையில், இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1977-இல், ஃபீனிக்ஸுக்கும் டெம்பிக்கும் இடையே யாக்கி பழங்குடியினரும் மெக்சிக வம்சாவளியினரும் வாழும் குவாடலூப்பே என்ற சிற்றூரில், சில இளைஞர்களைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு ஒரு விரலை இழந்தார். பின்னாளில் ஷெரீஃப் ஜோ ஆர்பாயோவின் தலைமைத் துணை அதிகாரியாக உயர்ந்தார். 1993-இல் ராணுவம் கழித்துப்போட்ட கூடாரங்களை வெட்டவெளியில் அடித்துக் கைதிகளை அடைத்த 'கூடாரச் சிறை' உலகச் செய்தியானபோது பெயர் ஆர்பாயோவுக்குப் போனது. யோசனை தன்னுடையது என்று பியர்ஸ் கடைசிவரை சொல்லிவந்தார். கோடையில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டும் ஊரில் மனிதர்களைத் துணிக்கூரைக்கு அடியில் வைத்ததற்கு ஒருவர் உரிமை கொண்டாடுகிறார் என்றால், தண்டனையை அவர் எப்படிப் பார்த்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு மாநில மோட்டார் வாகனத் துறையின் இயக்குநரானார். ஒருவரின் ஓட்டுநர் பதிவேடு திருத்தப்பட்ட விவகாரத்தில் 1999-இல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தான் தவறு செய்யவில்லை என்பதே அவருடைய நிலை. அடுத்த ஆண்டே மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி உங்கள் தங்கையின் கணவர் சொன்ன முதல் செய்திக்கு வருகிறேன். ஷெரீஃப் துறையில் பணியாற்றிய அவருடைய மகன் 2004 டிசம்பரில், மேசாவில் ஒரு வீட்டைச் சோதனையிடச் சென்றபோது சுடப்பட்டார், சுட்டவர் மெக்சிகோவிலிருந்து ஆவணமின்றி வந்தவர், மகன் பிழைத்துக்கொண்டார். இவை எல்லாம் உண்மை. ஆனால், வாக்காளராகப் பதிவு செய்யக் குடியுரிமைச் சான்று கேட்கும், ஆவணமில்லாதவர்களுக்குச் சில அரசுச் சலுகைகளை மறுக்கும் 'முன்மொழிவு 200' அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்திலேயே மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் பியர்ஸ் ஒருவர். அதாவது மகன் சுடப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே அவர் தன் வழியைத் தேர்ந்துவிட்டிருந்தார். மகனுக்கு நேர்ந்தது அவர் நெஞ்சை இன்னும் இறுக்கியிருக்கும்; எந்தத் தகப்பனுக்கும் அப்படித்தான். அதுவே காரணம் என்று சொல்வது, பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட அரசியலை ஒரு தகப்பனின் துயரத்துக்குள் மறைத்துவிடுவதாகும்.

அவர் கொண்டுவந்தவற்றில் எனக்கு ஓரளவு நியாயமாகத் தோன்றியது 2007-இன் வேலையளிப்போர் சட்டம். ஆவணமில்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு வைக்கும் முதலாளியின் தொழில் உரிமத்தை முதல்முறை நிறுத்திவைக்கலாம், இரண்டாம்முறை அடியோடு ரத்து செய்யலாம் என்றது அது. குறைந்த கூலிக்கு ஆளைப் பிழிந்தவரிடம் கேள்வி கேட்பது சரிதானே என்று நானும் நினைத்தேன். 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் நடைமுறையில் முதலாளிகள்மேல் போடப்பட்ட வழக்குகள் மிகச் சிலவே. ஷெரீஃபின் ஆட்கள் கார் கழுவும் கடைகளிலும் உணவகங்களிலும் புகுந்து, அடுத்தவர் அடையாள எண்ணில் வேலை செய்ததாகக் கைது செய்தது தொழிலாளர்களை. சட்டத்தின் தலைப்பில் முதலாளி இருந்தார். கைவிலங்கு பூட்டப்பட்டதோ பாத்திரம் கழுவியவருக்கு.

2010 ஏப்ரல் 23-இல் ஆளுநர் ஜான் புரூவர் கையெழுத்திட்ட எஸ்.பி. 1070 என்ற குடியேற்றச் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தங்கை வீட்டில் பாஸ்போர்ட்டைத் தேட வைத்த சட்டம் அதுதான். கான்சஸைச் சேர்ந்த வழக்கறிஞர் கிரிஸ் கோபாக்கின் உதவியோடு எழுதப்பட்டது. போலீஸ் கெடுபிடியால் வாழ்க்கையைக் கடினமாக்கி, ஆவணமில்லாதவர்கள் தாங்களாகவே வெளியேறும்படி செய்வதே நோக்கம் என்று சட்டத்தின் முதல் பிரிவே வெளிப்படையாகச் சொன்னது. பின் விளக்கு எரியவில்லை என்று ஒரு வண்டியை நிறுத்துகிறார் காவலர். ஓட்டுபவர் ஆவணமின்றி இருக்கிறார் என்று 'நியாயமான சந்தேகம்' எழுந்தால், அவருடைய குடியேற்ற நிலையைக் காவலர் விசாரித்தாக வேண்டும். அந்தச் சந்தேகம் எதிலிருந்து எழும்? இனத்தையோ நிறத்தையோ வைத்து முடிவு செய்யக் கூடாது என்று சட்டம் சொன்னது உண்மைதான். ஆனால் வண்டிக் கண்ணாடி இறங்கும்போது காவலர் முதலில் பார்ப்பது முகத்தை, முதலில் கேட்பது உச்சரிப்பை.

உங்கள் தங்கை பயந்ததில் மிகை ஏதுமில்லை. அதே சாண்ட்லரில் 1997 ஜூலையில், உள்ளூர்ப் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஐந்து நாள் நடத்திய தேடுதலில் 432 பேரைப் பிடித்தார்கள். தெருவில் மறித்து ஆவணம் கேட்கப்பட்டவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் எஸ்.பி. 1070-இன் சர்ச்சைக்குரிய நான்கு பிரிவுகளில் மூன்றை நீக்கியது: ஆவணம் வைத்திராததை மாநிலக் குற்றமாக்கியது, வேலை தேடுவதைக் குற்றமாக்கியது, பிடியாணையின்றிக் கைது செய்ய அனுமதித்தது. காவலர் விசாரிக்கும் அந்தப் பிரிவு மட்டும் தப்பியது.

'இனவெறியர்' என்ற உங்கள் சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் மனத்தைத் திறந்து பார்க்க என்னால் முடியாது, செய்தவற்றைச் சொல்கிறேன். 2006-இல், வெள்ளை இனமேலாதிக்க அமைப்பான நேஷனல் அலையன்ஸின் கட்டுரை ஒன்றைத் தன் ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். முழுதாகப் படிக்கவில்லை என்று பிறகு மன்னிப்புக் கேட்டார். மேசா நகரமன்றத் தேர்தலில் நின்ற ஜே.டி. ரெடி என்பவருக்கு ஆதரவளித்தார். ரெடி நாஜிக் கொள்கையர் என்பது ஊரறிந்தபோது விலகிக்கொண்டார். ஒருமுறை நடந்தால் கவனக்குறைவு எனலாம். கொள்கையின் வாசல் அவர்களுக்குத் திறந்தே இருந்தது என்பதுதான் என் முடிவு.

2011 ஜனவரியில் அவர் மாநில செனட்டின் தலைவரானார். அதே ஆண்டு நவம்பரில் பதவியிழந்தார். வாக்காளர்கள் போதிய கையெழுத்துத் திரட்டினால், பதவிக்காலம் முடியும் முன்பே ஓர் உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் தேர்தலை அங்கே நடத்த வைக்கலாம். அரிசோனாவில் அப்படித் திரும்ப அழைக்கப்பட்ட முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். தேவைப்பட்டவை 7,756 கையெழுத்துகள், செல்லுபடியானவை 10,365. இங்கேதான் உங்கள் தங்கையின் கணவர் சொல்லும் இரண்டாவது செய்தி முழுமை பெறவில்லை. லத்தீன் மக்கள் கடுமையாக உழைத்தார்கள். கையெழுத்து இயக்கத்தை முன்னின்று நடத்திய ராண்டி பராஸ் அவர்களில் ஒருவர். ஆனால் பியர்ஸின் தொகுதி வெள்ளையர்களும் ரிபப்ளிகன்களும் மிகுந்தது. அவரை வென்ற ஜெர்ரி லூயிஸ், அவரைப் போலவே ரிபப்ளிகன், அவரைப் போலவே மார்மன், சபையில் பொறுப்பு வகித்தவர்.

திரும்ப அழைக்கும் தேர்தலில் உட்கட்சித் தேர்தல் கிடையாது, எல்லாக் கட்சியினரும் ஒரே பெட்டியில் வாக்களிப்பார்கள், அதனால் டெமாக்ரட்டுகள் லூயிஸைக் கரையேற்றிவிட்டார்கள் என்று பியர்ஸின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் 2012 ஆகஸ்டில் அவர் மீண்டும் நின்றார். அது டெமாக்ரட்டுகளுக்கு இடமில்லாத ரிபப்ளிகன் உட்கட்சித் தேர்தல். அதிலும் பாப் வொர்ஸ்லி என்ற தொழிலதிபரிடம் தோற்றார். வொர்ஸ்லியும் மார்மன். அவரைக் கைவிட்டது சொந்த வீதி என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த வீதிக்கு ஒரு நினைவு உண்டு. பலதார மணத்துக்கு எதிரான அமெரிக்கக் கூட்டரசின் சட்டத்துக்குத் தப்பி, 1880-களில் மார்மன் குடும்பங்கள் எல்லை தாண்டி மெக்சிகோவில் குடியேறின. 1912-இல், அங்கே புரட்சி மூண்டபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அகதிகளாகத் திரும்பி வந்தன. பிறகு மிச்சிகன் ஆளுநரான ஜார்ஜ் ராம்னி, ஐந்து வயதில் அப்படி வந்த குழந்தைதான். இன்றும் அந்தச் சபையின் இளைஞர்கள் பலர் லத்தீன் அமெரிக்க நாடுகளில் இரண்டாண்டு ஊழியம் செய்து, ஸ்பானிய மொழி பேசிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். குடும்பங்களைப் பிரிக்கும் கொள்கையை எதிர்த்த 'யூட்டா உடன்படிக்கை'யை 2010 நவம்பரில் திருச்சபைத் தலைமை ஆதரித்தது. மறு ஆண்டு மார்ச்சில், அரிசோனாவின் அறுபது நிறுவனத் தலைவர்கள் 'போதும், நிறுத்துங்கள்' என்ற பொருளில் பியர்ஸுக்கே கடிதம் எழுதினார்கள். அந்த வாரமே அவர் தலைமையேற்ற செனட்டில் ஐந்து குடியேற்ற மசோதாக்கள் தோற்றன. அவர் குரலைத் தணிக்கவில்லை. 2014-இல், அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று வானொலியில் பேசிய பிறகு கட்சியின் துணைத் தலைவர் பொறுப்பிலிருந்தும் விலக நேர்ந்தது. 2023 ஜனவரியில் மேசாவிலேயே தன் 75-ஆம் வயதில் காலமானார்.

அவரைப் பற்றி இத்தனை எழுதுவது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2024 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் 'முன்மொழிவு 314'-ஐ நிறைவேற்றினார்கள். அனுமதியின்றி எல்லை தாண்டி நுழைவதை மாநிலக் குற்றமாக்கும் சட்டம் அது. டெக்சாஸின் அதேபோன்ற சட்டம் தொடர்ந்து அறுபது நாள் நடைமுறையில் இருந்தால் மட்டுமே அதன் முக்கியப் பிரிவு உயிர்பெறும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தங்கையிடம் அதையும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.