மெத்தை வாங்கினால் பயிற்சி இலவசமாம்

தெலுக் இந்தானிலிருந்து ஒரு வார்டு சிஸ்டர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஐசியுவுக்குப் புதுத் தாதியர் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். சென்ற மாதம் இரண்டு நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டது. காற்று மெத்தை விற்கும் ஏஜெண்டு, மெத்தை எடுத்தால் அரைநாள் பயிற்சியும் சான்றிதழும் இலவசம் என்கிறார். அது போதுமா?"

போதாது, சிஸ்டர். அவர் சொல்லித்தருவது மெத்தையின் சுவிட்சை மட்டும்தான். மயக்க மருந்தில் கிடப்பவர் தானாகப் புரள மாட்டார். பிபியைத் தூக்க நோராட்ரீனலின் ஓடினால் தோலுக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். எந்த மெத்தை போட்டாலும் அவரைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

பயிற்சியைக் கட்டிலருகே வையுங்கள். முதலில் தாதியர் ஒவ்வொருவரையும் அரைமணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். குதிகாலும் வால் எலும்பும் என்ன பாடுபடும் என்று அப்போது தெரியும். பிறகு திருப்பப் பழக்குங்கள். 90 பாகை முழுப் பக்கவாட்டில் கிடத்தினால் பாரம் இடுப்பு எலும்பில் இறங்கும். 30 பாகை சாய்வு போதும். தலையணை வைத்ததும் வால் எலும்புக்கடியில் கையை விட்டு, அது மெத்தையில் படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலுக்குத் தலையணையைக் கெண்டைக்கால் நெடுகிலும் வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க விடுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பழக்கம் இன்னும் பல வார்டுகளில் இருக்கிறது. அது பாரத்தை நீக்காது, நிறுத்துங்கள். வளையத் தலையணை வேண்டாம். சிவந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. நசுங்கிய சதை மேலும் சிதையும்.

வென்டிலேட்டர் நோயாளிக்குத் தலைப்பக்கம் 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும். அப்போது உடம்பு கீழே சறுக்கி, தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். முழங்கால் பகுதியை முதலில் தூக்கிவிட்டுத் தலைப்பக்கத்தைத் தூக்குங்கள். மூக்குக் குழாய், வாய்க் குழாயின் கட்டு, விரல் கிளிப் இவற்றுக்கடியில் உள்ள தோலை ஷிப்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

பாடப் படங்களில் வருவது பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் ஆட்களின் கருந்தோலில் சிவப்பு தெரியாது, விரலால் அழுத்தினாலும் வெளுப்பது கண்ணுக்குப் படாது. புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடா குளிரா, கெட்டியா சொதசொதப்பா, ஊதா நிறம் தட்டுகிறதா என்று ஒப்பிடப் பழக்குங்கள்.

"திருப்பினால் பிபி விழுகிறது" என்று நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். விழும்தான். மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்து பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பலருக்குத் தானே நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மல்லாக்கக் கிடத்துங்கள். அப்போதும் சும்மா விடக்கூடாது: தலையை, தோளை, காலைச் சிறிது சிறிதாக நகர்த்தலாம், குதிகாலை உயர்த்தலாம். சில மணி நேரம் கழித்து மறுபடி திருப்பிப் பாருங்கள். காலையில் முடியாதது மாலையில் முடியும். 'திருப்ப இயலாது' என்று ஒருமுறை எழுதியதை மூன்று நாள் பார்த்து எழுதுவதால்தான் புண் வருகிறது.

படுக்கைப்புண் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் பிரேடன் மதிப்பெண் 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து. ஐசியுவில் அநேகமாக எல்லாருமே அதற்குள் வந்துவிடுவார்கள்; கூட்டிப் போட மட்டும் கற்றுக்கொடுத்து என்ன பயன்? இரண்டு மணிக்கொரு முறை திருப்பியதும் கையெழுத்துப் போட வேண்டிய சார்ட்டை ஷிப்டு முடியும்போது ஒரே மூச்சில் நிரப்பினால் அது பொய்க்கணக்கு. அதற்குத் தாதியரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? புண் வந்தால் விளக்கக் கடிதம் கேட்கும் நிர்வாகம், திருப்ப இரண்டாவது ஆள் இருந்தாரா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எழுத்தில் நீங்கள் கேளுங்கள்.

மெத்தை வாங்குவதானால் கையெழுத்துக்கு முன் உங்கள் வார்டிலேயே போட்டுப் பாருங்கள். கனமான ஒருவரைப் படுக்க வைத்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, இடுப்புக்கு நேராக மெத்தைக்கடியில் கையை விடுங்கள். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை வேண்டாம். மேலே ஒரே விரிப்பு போதும். மூன்று நான்கு அடுக்கினால் காற்று ஏறி இறங்குவது பயனில்லாமல் போகும். கரண்டு போனால் எவ்வளவு நேரம் காற்று நிற்கும், இதயம் நின்று நெஞ்சை அழுத்தும் அவசரத்தில் காற்றை இறக்கும் வால்வு எங்கே என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். அந்த வால்வை ஆறு தாதியரும் தங்கள் கையாலேயே இழுத்துப் பார்க்கட்டும்.