பகுதி மூட்டு மாற்றிய முழங்காலில் கிருமித் தொற்று வந்தால் ஏன் மறுபடி அறுவை சிகிச்சை?

பகுதி மூட்டு மாற்று என்றால், முழங்காலில் தேய்ந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் உலோகமும் நடுவில் பிளாஸ்டிக் தட்டும் வைப்பது. அங்கே கிருமி புகுந்தால் மாத்திரை மட்டும் போதாது. உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அதன்மேல் வழுவழுப்பான படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டிப் பாசி மாதிரிதான், தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

தொற்று வந்து சில நாட்களே ஆகியிருந்தால், மூட்டைத் திறந்து, கெட்ட சதையை நீக்கி, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டு அலசி, பிளாஸ்டிக் தட்டைப் புதிதாக மாற்றுவார்கள். உலோகம் அப்படியே இருக்கும். நாள்பட்டுவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெரும்பாலும் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, அப்புறம் முழு மூட்டு மாற்று. மிச்சம் வைத்த பக்கத்துக் குருத்தெலும்பையும் கிருமி அரித்துவிடும் என்பதுதான் இதில் பெரிய கவலை.

காய்ச்சல் இல்லையென்றால் தொற்று இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; ஓயாத வலியும் வீக்கமும், தையலில் கசியும் நீரும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.