பெட்டிக்கு ஒரு விலை, வெள்ளிக்கு ஒரு விலை

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): புதிய நாடாளுமன்றக் கட்டட நினைவாக 2023-இல் வந்த 75 ரூபாய் புரூஃப் செட்டை (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிபோல் மெருகேற்றிப் பெட்டியில் வைத்து விற்கும் நாணயத் தொகுப்பு), "35 கிராம் வெள்ளி" என்று சொல்லி ஒருவர் விற்கிறார். வெள்ளி விலையாவது கைக்கு மிஞ்சுமா?

பதில்: மிஞ்சாது. 35 கிராம் என்பது நாணயத்தின் எடையே தவிர, வெள்ளியின் எடை அன்று. அதில் வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40, நிக்கலும் துத்தநாகமும் தலா 5. ஆக உள்ளிருப்பது 17.5 கிராம் வெள்ளி. கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 1,750 ரூபாய். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் பெட்டிக்கும், மெருகுக்கும், சேகரிப்பவர்களின் விருப்பத்துக்குமான விலை. அந்த 1,750 ரூபாயையும் உருக்கி எடுக்க வழியில்லை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நினைவு நாணயத்தையும் நாணயமாகவே கொள்கிறது. நாணயத்தை உருக்கினால் ஏழு ஆண்டுகள் வரை சிறை என்றும் சொல்கிறது.

விளம்பரத்தில் எடையைப் பெரிதாகப் போட்டுவிட்டு, தரத்தைச் சொல்லாமல் விடும் இந்த வழக்கம் என்னை நெடுநாளாக வருத்துகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக வந்த 1000 ரூபாய் நாணயமும் 35 கிராம்தான், விட்டமும் அதே 44 மில்லிமீட்டர்தான். ஆனால் அதில் வெள்ளி 80 விழுக்காடு, அதாவது 28 கிராம். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் பத்தரை கிராம் வேறுபாடு யாருக்குத் தெரியும்? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும் ஒரு தாய், "டச் எவ்வளவு?" என்று வெள்ளியின் தரத்தைக் கேட்காமல் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதில்லை. அதே வீட்டில் படித்த பிள்ளைகள், வெல்வெட் பெட்டியைக் கண்டவுடன் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். செட்டில் கூடவே இருக்கும் சிறு மதிப்பு நாணயங்களில் பெரும்பாலும் வெள்ளியே இராது. மொத்தச் செட்டையும் தராசில் வைத்து விலை பேசுகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (சேலம்): புரூஃப் நாணயம் கறுத்ததால் திருநீறு போட்டுத் துலக்கினேன். இப்போது பாதி விலைக்குக் கேட்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் இதைத் துலக்கலாமா என்று முன்பே யாரையாவது கேட்டிருக்க வேண்டும். மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வில்லையை வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுப்பதால்தான் புரூஃப் நாணயத்தின் தளம் கண்ணாடிபோல் இருக்கிறது. திருநீற்றுத் துகள் அதைக் கீறிவிடும். பெரிய கோயில் நாணயத்தை ஈரோட்டில் ஒரு வியாபாரியிடம் பெட்டியைத் திறந்து பாராமல் நான் வாங்கினேன். வீட்டுச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோது, கோபுரத்தைச் சுற்றிலும் மயிரிழைக் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. கொடுத்த விலையை அதன்பிறகு எவரும் தரவில்லை.

கேள்வி (திருப்பூர்): செல்பேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பினேன். வந்தது வெள்ளி முலாம் பூசிய வில்லை. விற்றவர் இப்போது பேசுவதே இல்லை. நான்தான் முட்டாளா?

பதில்: இல்லை. ஏமாற்றியவர்தான் குற்றவாளி; நீங்கள் வெட்கப்பட ஏதுமில்லை. இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் இன்றே புகார் செய்யுங்கள்; தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணம் கைமாறிப் போகும். நுகர்வோர் உதவிக்கு 1915. விற்றவரின் பெயரும் முகவரியும் கிடைத்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. உறை, உரையாடல், பணம் போன சான்று ஆகிய எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): சேமிப்புக்காக மாதம் ஒரு புரூஃப் செட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சேமிப்புக்கு வெள்ளிக் கட்டி போதும்.

கேள்வி (தாராபுரம்): அப்பாருவின் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய்கள் முப்பது உள்ளன. எடைக்குப் போட்டுவிட்டுப் புரூஃப் செட் வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் ஆண்டுவாரியாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றும் 11.66 கிராம், 1939 வரையுள்ளவற்றில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி உண்டு, 1940 முதல் 1945 வரையுள்ளவற்றில் பாதிதான் வெள்ளி. 1947-இல் வந்த புலி பொறித்த ரூபாய் நிக்கல். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினால், கடைக்காரர் குறைந்த தரத்துக்குத்தான் விலை போடுவார். 1939 என்ற ஆண்டு கண்ணில் பட்டால் அதைத் தனியே எடுத்து வைத்து, நாணயம் அறிந்தவர் இருவரிடமாவது காட்டுங்கள். அது அரிதாகக் கிடைப்பது.